கோணிக்கட்டிலிருந்து அட்டைப்பெட்டி வரை

பாலாற்றங்கரைத் தோல் ஊர்களில் அட்டைப்பெட்டி மிகவும் பிந்தி வந்த பொருள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கடல் கடந்து போயிருக்கிறது. அதில் பெரும்பகுதிக் காலம் அது கோணி சுற்றிய பேலாகத்தான் போனது. தோல் காலணியாக உருமாறிய பிறகே பெட்டிக்கு வேலை வந்தது. எந்த உறை பொருத்தம் என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு காலத்திலும் தோலின் வடிவமே விடை சொல்லியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தாவரப் பதன் தோலை லண்டன் வணிகர்கள் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் வாங்கினார்கள். அதைப் பதப்படுத்தியவை ஆவாரம் பட்டையும் கடுக்காயும். வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் உள்ள அமிர்தி, ஜவ்வாது மலையின் அடிவாரம். அந்த மலைக்காடுகள் கடுக்காய்க்குப் பேர்போனவை. கீழே வறண்ட புதர்க்காடுகளில் ஆவாரை தானாக வளரும். இருபதாம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை கப்பலில் வந்து இறங்கி ஆவாரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதுவரை இத்தொழிலின் மூலச்சரக்கு சுற்றுவட்டாரத்துக் காட்டிலேயே கிடைத்தது.

பதனிட்டுக் காய்ந்த தோல் தட்டையானது, வளையக்கூடியது, அழுத்தினால் உடையாதது. கப்பல் கூலியோ பெரும்பாலும் சரக்கு அடைக்கும் இடத்தைப் பொறுத்தது. ஆகவே தோல்களைத் தரம் பிரித்து, மடித்து அடுக்கி, இயந்திரத்தில் அழுத்திக் காற்றை வெளியேற்றி, கோணியால் சுற்றி இறுக்கிக் கட்டுவதே சிக்கனமான வழி. மரப்பெட்டி எடையைக் கூட்டும், இடத்தையும் தின்னும். கட்டுவதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தாவரப் பதன் தோலில் ஈரத்தோடு இரும்பு பட்டால் கருநீலக் கறை விழும். பட்டையில் உள்ள துவர்ப்பும் இரும்பும் கூடினால் மையே உண்டாகிவிடுகிறது. அந்தக் கறை எளிதில் போகாது. இரும்புப் பட்டை போட்டுக் கட்டும் பேலில் கோணி தூசியைத் தடுப்பதோடு, இரும்பைத் தோலிலிருந்து விலக்கியும் வைக்கிறது.

1856 இல் இராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையைக் கடந்து மேற்கே நீண்டது. மாட்டு வண்டியில் நாள்கணக்கில் போன சரக்கு விரைவாகத் துறைமுகம் சேர்ந்தது. சென்னையில் பெரியமேடு தோல் மண்டிகளின் இடமாயிற்று. 1869 இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் லண்டன் இன்னும் நெருங்கியது. அங்கே தோல் ஏலத்தில் விலை போயிற்று. வாங்குபவரின் கண் முதலில் தேடியது பதனிட்டவரின் முத்திரையை. இன்று பெட்டியின் மேல் அச்சிடும் வணிகப் பெயர் செய்யும் வேலையை அன்று அந்த முத்திரை செய்தது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படையின் பூட்ஸுகளுக்கு இந்தத் தோல் பெருமளவில் தேவைப்பட, ஏற்றுமதியே அரசின் கட்டுப்பாட்டுக்குள் போனது. அப்போதும் உறை மாறவில்லை.

மாற்றம் 1970களில் வந்தது. தோல் ஏற்றுமதியை ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1973 இல் இந்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப் பதன் தோலுக்கு வரம்பு விதித்தது. தோலாக அனுப்பாமல் பொருளாகச் செய்து அனுப்பினால் கூலியும் இலாபமும் உள்ளூரில் தங்கும் என்பது நோக்கம். சரியான நோக்கம்தான், இந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தது அதற்குப் பிறகே. முழுமையாக முடித்த தோலை மடிக்க முடியாது, மடிப்புத் தடம் மேற்பூச்சில் நின்றுவிடும். ஆகவே அது சுருளாகியது. குரோம் பதனிட்ட ‘வெட் புளூ’ ஈரம் காயக்கூடாத சரக்கு. அதைப் பாலித்தீனில் மூட வேண்டும். அடுத்து வந்த ‘அப்பர்’, அதாவது காலணியின் மேற்பகுதி, அடியில்லாததால் ஓரளவு தட்டையாகப் படியும். ஒரே பெட்டியில் நிறைய சோடிகளை அடுக்கலாம்.

முழுக் காலணி அப்படியல்ல. அதன் உள்ளே வெற்றிடம் இருக்கிறது, அந்த வடிவம் நசுங்கினால் சரக்கே கெட்டது. எனவே மூக்குப் பகுதியில் காகிதம் திணித்து, மெல்லிய தாளில் சுற்றி, சோடிக்கு ஒரு பெட்டியில் வைக்கிறார்கள். மூடி தனியாகக் கழலும் இந்தப் பெட்டி கடைக்காரரின் வசதிக்கானது: அடுக்கில் இருக்கும்போதே முனையில் ஒட்டிய சீட்டில் அளவும் நிறமும் தெரியும். வழக்கமாக 10 அல்லது 12 சோடிப் பெட்டிகள் ஒரு வெளிப்பெட்டிக்குள் போகும்.

அந்த வெளிப்பெட்டியின் அட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றுவதற்கான நெளி அட்டைக்கு 1871 இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் காப்புரிமை பெற்றார். 1874 இல் ஆலிவர் லாங் அதன் மேல் தட்டைத் தாள் ஒட்டி உறுதியாக்கினார். இரண்டு தட்டைத் தாளுக்கு நடுவே ஒரு நெளி இருந்தால் மூன்றடுக்கு. இரண்டு நெளி இருந்தால் ஐந்தடுக்கு. காலணி ஏற்றுமதியில் கனத்துக்கும் அடுக்கும் உயரத்துக்கும் ஏற்ப இவற்றுள் ஒன்றைத் தேர்கிறார்கள். நெளிகள் செங்குத்தாக நிற்கும்படி பெட்டி செய்தால்தான் அடுக்கின் பாரத்தைச் சுவர் தாங்கும். படுக்கைவாட்டில் அமைந்தால் நல்ல அட்டையும் தளர்ந்துவிடும். ஈரம் இன்னொரு எதிரி. மழைக்காலக் காற்றில் ஈரம் உறிஞ்சிய அட்டை தன் வலிமையில் பெரும் பங்கை இழக்கிறது. பெட்டிச் செலவைக் குறைக்க மெல்லிய அட்டை வாங்கியவர் அதற்கு நசுங்கிய அடிவரிசையில் விலை கொடுக்கிறார்.

1983 இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தபின், பெட்டியின் நீள அகலத்தைக் கன்டெய்னரின் உள்ளளவும் தீர்மானித்தது. வெப்பமான சென்னையில் மூடிய இரும்புக் கன்டெய்னர் குளிர்ந்த ஐரோப்பியக் கடலுக்குள் நுழையும்போது உள்காற்றின் ஈரம் கூரையில் துளியாகித் தோல் மேல் பூஞ்சை பிடிக்கும். இதைத் தடுக்க சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைக்கிறார்கள். சில நாடுகளிலிருந்து வந்த சரக்கில் டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பூஞ்சைக்கொல்லிப் பொட்டலம் இருந்தது. அது வாங்கியவர்களின் தோலைப் புண்ணாக்கியதால் 2009 இல் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பொருள் சந்தைக்குப் போகாது. பெட்டிகளைத் தாங்கும் மரத் தட்டுகளுக்கும் விதி வந்தது: பூச்சி பரவாதிருக்க மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரையிட வேண்டும்.

வெளிநாட்டு வணிகப் பெயருக்காகத் தைக்கும் தொழிற்சாலைக்கு உறையைத் தேர்வதில் பெரிய உரிமை கிடையாது. அட்டையின் தரம், அச்சின் நிறம், பட்டைக்குறியீட்டின் இடம் எல்லாம் வாங்குபவரின் கையேட்டில் எழுதியே வரும். பதனிட்டவரின் முத்திரைக்கு லண்டன் ஏலத்தில் இருந்த மதிப்பை நினைத்தால் இது உண்மையான இழப்பு. உள்நாட்டுக் கடைகளுக்குச் சொந்தப் பெயரில் காலணி விற்பவர்களே தம் பெட்டியைத் தாமே முடிவு செய்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய உறைப்பொருள் சட்டம் அடுத்த கணக்கைத் தொடங்கியிருக்கிறது. 2030 முதல், சரக்கைக் கொண்டுசெல்லும் பெட்டிகளிலும் இணைய விற்பனைப் பெட்டிகளிலும் வெற்றிடம் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. இடத்தை நிரப்பப் போடும் காகிதத் துண்டுகளும் வெற்றிடமாகவே எண்ணப்படும்.