பீட்சா அடுப்புச் செங்கற்கள்

பீட்சா அடுப்புச் செங்கற்கள் என்பவை, விறகு எரித்துப் பீட்சா, ரொட்டி முதலியவற்றைச் சுடும் குவிமாட அடுப்புகளைக் கட்டப் பயன்படும் செங்கற்கள் ஆகும். இவ்வடுப்பின் தளம், குவிமாடம், வெப்பக் காப்பு ஆகிய மூன்று பகுதிகளும் வெவ்வேறு பணிகளைச் செய்கின்றன. எனவே அதிக வெப்பத்தைத் தாங்கும் செங்கல்லே எல்லா இடத்திற்கும் சிறந்தது எனக் கொள்ள இயலாது.

பின்னணி

கி.பி. 79 இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரின் ரொட்டிக்கூடங்களில் குவிமாட அடுப்புகள் இன்றும் காணப்படுகின்றன. அருகிலுள்ள நாப்போலி நகரின் மரபுப்படி, ஏறத்தாழ 400 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள தளத்தில் பீட்சா 60 முதல் 90 நொடிகளில் சுடப்படுகிறது. இக்கலையை யுனெசுக்கோ 2017 இல் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

செங்கல் வகைகள்

* சாதாரணச் செங்கல்: விலை குறைவு. பல பழைய அடுப்புகள் இதனாலேயே கட்டப்பட்டவை. எனினும் இதன் தரம் சூளைக்குச் சூளை மாறுபடும். மண்ணிலுள்ள குவார்ட்சு 573 பாகையில் திடீரென விரிவடைவதால், நெருப்பை ஒட்டிய கற்கள் நாளடைவில் வெடிக்கக்கூடும். துளையிட்ட செங்கற்கள் ஏற்றவையல்ல.
* தீச்செங்கல்: தீக்களிமண்ணைச் சுட்டுச் செய்யப்படுவது. அலுமினா அளவு பொதுவாக 25 முதல் 45 விழுக்காடு. அடிக்கடி சூடாகிக் குளிர்வதைத் தாங்கும். வீட்டு அடுப்புக்கு நடுத்தர வகையே போதுமானது.
* உயர் அலுமினாச் செங்கல்: தொழிற்சாலை உலைகளுக்கானது. அடர்த்தியும் வெப்பக் கடத்துதிறனும் மிகுதி, விலையும் அதிகம். தளத்தில் இட்டால் பீட்சாவின் அடிப்பகுதி எளிதில் கருகும்.
* காப்புச் செங்கல்: நுண்துளைகள் நிறைந்த எடை குறைந்த கல். வெப்பத்தைத் தடுக்கும், ஆனால் சேமிக்காது. எளிதில் உடைவதால் தளத்தின் மேற்பரப்புக்கு உதவாது.

230 × 114 × 64 மி.மீ. அளவுள்ள தீச்செங்கல் ஏறத்தாழ 3.5 கிலோகிராம் எடையுடையது. அதே அளவுள்ள காப்புச் செங்கல் பொதுவாக 1.5 கிலோகிராமுக்கும் குறைவு. எனவே தூக்கிப் பார்த்தே இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியலாம்.

பகுதிக்கேற்ற தெரிவு

தளம்: பீட்சா நேரடியாகத் தொடும் பகுதி இதுவே. கல் வெப்பத்தை விரைவாகக் கொடுத்தால், மேற்பகுதி வேகுமுன் அடிப்பகுதி தீய்ந்துவிடும். இதனால் நாப்போலி அடுப்புகளில் சொரெண்டோ பகுதியில் செய்யப்படும், கடத்துதிறன் குறைந்த களிமண் ஓடுகள் பதிக்கப்படுகின்றன. தீச்செங்கல் தளமாயின், சற்றுக் குறைந்த வெப்பத்தில் சுடுவது நன்று. தளக் கற்கள் சாந்தின்றி, மெல்லிய மணல்-தீக்களிமண் படுகையின் மேல் நெருக்கமாக அடுக்கப்படும். விரிசல் கண்டால் தனியே மாற்றலாம்.

குவிமாடம்: நெருப்பின் வெப்பத்தைச் சேமித்துக் கீழ்நோக்கி வீசுவது இதன் பணி. தீச்செங்கற்களைப் பாதியாக வெட்டி, 114 மி.மீ. தடிப்பில் கட்டுவது வழக்கம். தடிப்பு கூடினால் சூடாக அதிக நேரமும் விறகும் தேவைப்படும்.

காப்பு: தளத்தின் அடியிலும் குவிமாடத்தின் வெளிப்புறத்திலும் காப்புப் படலம் வேண்டும். இது இல்லாவிடில் உயர்ந்த செங்கல்லால் கட்டிய அடுப்பும் விரைவில் குளிர்ந்துவிடும்.

சாந்து

சாதாரணச் சிமெந்துச் சாந்து 400 பாகைக்கு மேல் வலுவிழக்கும். எனவே வெப்பந்தாங்கு சாந்து பயன்படுத்தப்படுகிறது. மணல் 3 பங்கு, சுண்ணாம்பு, தீக்களிமண், சிமெந்து தலா 1 பங்கு என்ற கலவையும் வீட்டு அடுப்புகளில் வழக்கில் உள்ளது. இதில் சிமெந்து வலுவிழந்த பின்னரும் களிமண்ணும் சுண்ணாம்பும் பிணைப்பைத் தாங்குகின்றன.

பாதுகாப்பு

பழைய தொழிற்சாலை உலைகளிலிருந்து பெயர்த்த கற்கள் மலிவாகக் கிடைத்தாலும், அவற்றின் வரலாறு தெரியாவிடில் தவிர்க்க வேண்டும். சிலவகை உலைக்கற்களில் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் இருக்கக்கூடும். பழைய காப்புப் பொருட்களில் கல்நார் கலந்திருக்கலாம். செங்கல்லை வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலைப் பாதிக்கும். ஆகவே நீர் ஊற்றி வெட்டுவதும், தூசி வடிகட்டும் முகமூடி அணிவதும் இன்றியமையாதவை.

கட்டி முடித்த அடுப்பில் உடனே பெருந்தீ மூட்டினால், உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகிக் கற்களைப் பிளக்கும். எனவே பல நாட்கள் சிறு தீ மூட்டி, வெப்பத்தைப் படிப்படியாக உயர்த்த வேண்டும்.