மரவள்ளியும் கோதுமை ரொட்டியும்

நைஜீரியாவில் கோதுமை அதிகம் விளைவதில்லை. ஆயினும் எண்ணெய்ப் பணம் பெருகிய 1970களில் அந்நாட்டு நகரங்கள் ரொட்டிக்குப் பழகிப்போயின. 1987-இல் அரசு கோதுமை இறக்குமதியைத் தடை செய்தது, கடத்தல் பெருகிற்று, 1992-இல் தடை நீங்கியது. பழகிய நாவைச் சட்டத்தால் திருப்புதல் எளிதோ?

2002-இல் குடியரசுத் தலைவர் ஒபசாஞ்சோ மரவள்ளிக்கெனத் தனித் திட்டம் வகுத்தார். ரொட்டி மாவில் பத்தில் ஒரு பங்கு மரவள்ளி மாவு கலக்க வேண்டுமெனப் பின்னர் விதி எழுந்தது. உலகில் மரவள்ளி மிகுதியாய் விளையும் நாடு அதுவே. இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது வேலையைத்தான். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். எனவே விளைந்த இடத்துக்கு அருகிலேயே உரித்து, துருவி, பிழிந்து, உலர்த்தி, அரைத்தாக வேண்டும். ஒவ்வொரு படியிலும் மனிதக் கை தேவை. பெரும்பாலும் பெண்களின் கை. கப்பலில் வந்திறங்கும் கோதுமையோ துறைமுகத்து ஆலையில் மாவாகிவிடுகிறது. சிற்றூருக்கு அதில் பங்கில்லை. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை அறிந்த நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

ஆனால் மரவள்ளியில் கோதுமையின் பசைப்புரதம் இல்லை. அளவு மிகுந்தால் ரொட்டி உப்பாது. அடுமனையாளர் தயங்கினர். திட்டத்தை நம்பிப் பயிரிட்ட உழவர், விளைச்சல் பெருகி விலை வீழ்ந்தபோது தவித்தனர். குற்றம் கிழங்கினுடையதன்று, வாங்குவோரை உறுதிசெய்யாமல் விதைக்கச் சொன்னவர்களுடையது. 2012-இல் ஜோனத்தன் அரசு 40 விழுக்காட்டுக் கலப்பை இலக்காக்கி, கோதுமை மாவு இறக்குமதிக்குத் தீர்வையும் உயர்த்தியது. அவ்விலக்கு எட்டப்படவில்லை.

பெண்களோ கிழங்கைப் புளிக்கவைத்துக் 'காரி' வறுப்பதை நிறுத்தவில்லை. அதன் சந்தை எந்த அரசாணைக்கும் காத்திருந்ததில்லை.