கரையில் காத்திருந்த மின்சாரம்

1838இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், நேவா ஆற்றில், பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு துடுப்புச் சக்கரப் படகு மெல்ல நகர்ந்தது. சக்கரத்தைச் சுழற்றியது மின்கலம். மோரிட்ஸ் யாக்கோபி என்ற பொறியாளரின் சோதனை அது. செலவு ஜார் முதலாம் நிக்கோலஸின் கஜானாவுக்கு. மறு ஆண்டு குரோவ் என்ற வகை மின்கலங்களைப் பூட்டியதும் வேகம் கூடியது. நெடியடிக்கும் அமிலப் புகையும் கிளம்பியது. அதைவிடப் பெரிய தொல்லை, அந்தக் கலங்களுக்குத் திரும்ப சார்ஜ் ஏற்ற முடியாது. துத்தநாகம் கரையக் கரையத்தான் மின்சாரம். தீர்ந்தால் புதிதாக வாங்க வேண்டும். மன்னர் தயவில்லாதவர்களுக்குக் கட்டுப்படியாகாத வேலை.

1859இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே, சார்ஜ் ஏற்றி ஏற்றிப் பயன்படுத்தக்கூடிய ஈயக் கலத்தைக் கண்டுபிடித்தார். 1881இல் கமில் ஃபோர் அதைத் தொழிற்சாலையில் செய்யத்தக்கதாக மாற்றினார். அடுத்த ஆண்டே லண்டனில், தேம்ஸ் நதியில் ‘எலெக்ட்ரிசிட்டி’ ஓடியது: 25 அடிப் படகு, 45 கலங்கள். சாலை வண்டிக்குச் சுமையாகும் ஈயம், படகின் அடித்தளத்தில் வைத்தால் ஆடாமல் நிறுத்தும் பாரமாகிவிடும். ஈய பேட்டரிக்குப் படகைவிடப் பொருத்தமான இடம் அமைந்ததில்லை என்றே சொல்லலாம்.

1886இல் ‘வோல்டா’ என்ற படகு, 61 கலங்களில் ஏற்றிய ஒரே சார்ஜில் இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலேவுக்குப் போய்த் திரும்பியது. சத்தமே இல்லாததால், நீரில் தூங்கிக்கொண்டிருந்த கடற்பறவை ஒன்றைப் பயணி ஒருவர் கையாலேயே பிடித்தார் என்று அன்றைய செய்தி.

சரி, தீர்ந்த கலத்தை எங்கே நிரப்புவது? அன்று ஆற்றங்கரை ஊர்கள் பலவற்றுக்கு மின்சாரமே வரவில்லை. லண்டனில் குடியேறிய ஜெர்மானியர் மோரிட்ஸ் இமிஷ் இதற்கு விடை கண்டார். 1880களின் இறுதியில் தேம்ஸ் நெடுகிலும் சார்ஜ் நிலையங்களை நிறுவினார். சில நிலையங்கள் ஆற்றிலேயே மிதந்தன: ஒரு தட்டைப் படகு, அதில் நீராவி எஞ்சின், டைனமோ. பகலெல்லாம் உல்லாசப் பயணிகளைச் சுமந்த படகுகள் இரவில் அங்கே போய் நிற்கும். பகலில் புகையில்லாமல் போனவர்களுக்காக இரவில் நிலக்கரி எரிந்தது! இமிஷின் வாடகைப் படகுகளில் பெரியது ‘வைகவுண்டஸ் பரி’.

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் நீர்நிலைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மின்படகுகள் ஓடின. பிறகு பெட்ரோல் எஞ்சின் வந்தது. எரிபொருளை டின்னில் தூக்கிப் போகலாம் என்றானதும் சார்ஜ் நிலையங்களைத் தேடுவார் குறைந்தனர். எஞ்சினுக்கு இடங்கொடுக்காத சில ஏரிகளில்தான் மின்படகுகள் தப்பின. ஜெர்மனியின் கோனிக்ஸே ஏரியில் 1909 முதல் மின்படகுகள் ஓடிவருகின்றன.

ஒரு நூற்றாண்டு கழித்து, 2015இல் நார்வேயின் சோக்னே கடற்கழியில் ‘ஆம்பியர்’ என்ற மின்படகு இறங்கியது. 120 கார்களை ஏற்றும் இந்தப் படகில் சுமார் 1,000 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி இருக்கிறது. கரை சேர்ந்து பத்து நிமிடத்துக்குள் சார்ஜ் ஏற வேண்டும். இரு கரைகளிலும் இருப்பவை சிற்றூர்கள், அங்குள்ள மின்கம்பிகள் அந்த இழுப்பைத் தாங்காது. அதனால் இரண்டு துறைகளிலும் தனித்தனியே பேட்டரி அடுக்குகளை வைத்தார்கள். படகு அக்கரையில் இருக்கும்போது இக்கரை பேட்டரி ஊர் மின்சாரத்தை மெதுவாக இழுத்துச் சேர்க்கும். படகு வந்ததும் மொத்தமாகக் கொட்டும்.