நத்தார்: கடல்வழி வந்த திருநாட்பெயர்

இலங்கையில் அச்சாகும் தமிழ் நாட்காட்டியில் டிசம்பர் 25-ஆம் திகதிக்கு நேரே 'நத்தார்' என்று இருக்கும். பத்திரிகைகள் நத்தார்ச் சிறப்பிதழ் போடும். வானொலி நத்தார் வாழ்த்துச் சொல்லும். மன்னார்த் தீவின் பேசாலையிலும், பெருநிலக் கரையில் உள்ள வங்காலையிலும், யாழ்ப்பாணத்துக் குருநகர், பாசையூரிலும் டிசம்பர் பிறந்ததும் வீட்டுப் பேச்சு முழுக்க இந்தச் சொல்தான்: நத்தாருக்கு உடுப்பு எடுத்தாச்சா, நத்தாருக்கு ஆர் வருகினம், நத்தார் கழியட்டும் பார்ப்பம்.

தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் இதை முதன்முறை கண்டால் தயங்குவார். தோற்றத்தில் இது கலப்பில்லாத தமிழ். நத்துதல் என்றால் விரும்புதல். எனவே நண்ணார், ஒன்னார் என்பவற்றின் வரிசையில் வைத்தால் நத்தார் என்பதற்கு விரும்பாதவர், அதாவது பகைவர் என்று பொருள் வந்துவிடும். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரின் பெயரும் நினைவில் தட்டும். இந்த ஒற்றுமைகள் எல்லாம் தற்செயலானவை. திருநாளின் பெயர் தமிழ் வேரில் கிளைத்ததல்ல. ஆங்கிலத்திலிருந்து வந்ததும் அல்ல.

போர்த்துக்கேய மொழியில் கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு 'நத்தால்' என்று பெயர். பிறப்புக்குரியது என்ற பொருளுடைய 'நாத்தாலிஸ்' என்ற இலத்தீன் சொல் அதன் மூலம். இத்தாலியர் 'நத்தாலே' என்பதும் அதையே. ஐரோப்பாவுக்கு வெளியே இந்தச் சொல் வாழும் இடங்களைப் பாருங்கள்: கோவாவின் கொங்கணியில் அது இருக்கிறது, சிங்களத்தில் 'நத்தல' என்று இருக்கிறது, கிழக்குத் திமோரிலும் இந்தோனேசியாவிலும் இன்றும் அதுவே திருநாளின் பெயர். இவை எல்லாம் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயக் கப்பல்கள் நங்கூரமிட்ட கரைகள்.

சொல் யாருடைய வாயிலிருந்து நம் காதுக்கு வந்தது என்பதற்கு அதன் நடுவெழுத்தே சாட்சி. போர்த்துக்கேயர் நாக்கைப் பல்லில் ஒட்டி ஒலிப்பது நம் தகரத்துக்கு மிக நெருக்கம். ஆங்கிலேயர் அதே எழுத்தைச் சற்று மேலே, ஈறில் தொட்டு ஒலிப்பதால் தமிழ்க் காது அதை டகரமாகவே கேட்கிறது. ஒரே பொருள் இருவரிடமிருந்தும் வந்தபோது இந்த வேறுபாடு வெளிச்சமாகத் தெரியும். விசுக்கோத்து போர்த்துக்கேயர் தந்தது, பிஸ்கட் ஆங்கிலேயர் தந்தது. துவாலை முன்னவருடையது, டவல் பின்னவருடையது. சப்பாத்து, பாதிரி என்பனவும் தகரச் சொற்களே. நத்தாரின் 'த்தா' இந்த வரிசையில்தான் நிற்கிறது.

இதைவிட அழுத்தமான சான்று ஆபிரிக்காவில் கிடைக்கிறது. வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1497 டிசம்பரில் ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையோரமாக வந்தபோது கிறிஸ்து பிறப்புக் காலம். கண்ட நிலத்துக்குத் திருநாளின் பெயரையே இட்டார்கள். பிற்காலத்தில் அது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடானது. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அந்தக் கரையில் கொண்டுபோய் இறக்கியது. அவர்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலேயரிடமிருந்து கேட்டார்கள்; ஆகவே அது தமிழில் 'நேட்டால்' ஆயிற்று. காந்தி 1894-இல் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ் மூலம் அந்தப் பெயர் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நன்கு பழக்கம். நேட்டாலும் நத்தாரும் ஒரே சொல். முந்நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு வேறு கப்பல்காரரிடமிருந்து தமிழர் அதை இருமுறை வாங்கியிருக்கிறார்கள்.

கடைசி எழுத்துத்தான் எஞ்சுகிறது. சிங்களம் லகரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும்போது தமிழில் அது ரகரமாக மாறியது ஏன்? லகர ஈறு தமிழுக்குக் கடினமானதல்ல. மிக்கேல் சம்மனசு இன்றும் மிக்கேலாகவே இருக்கிறார். அந்தோனியார், சவேரியார், செபஸ்தியார் என்று நாள்தோறும் மன்றாடும் வாய்க்கு, கோயிலிலிருந்து வந்த இந்தப் பெயரும் 'ஆர்' ஏற்று நிற்பதுதான் இயல்பாகப் பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. பெயரில் உயர்வு ஒட்டிக்கொண்டாலும் வினை அஃறிணையாகவே இருந்துவிட்டது. 'நத்தார் வந்திட்டுது' என்பார்களே தவிர, 'வந்திட்டார்' என்பதில்லை.

சொல் இறங்கிய கரையைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் 1535 முதல் 1537 வரையான காலத்தில் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்து மணப்பாடு முதலான ஊர்களில் கால்நடையாகப் போதித்தார். மன்னார் மக்கள் அவரை அழைத்தபோது அவர் தம் சார்பில் ஒரு குருவானவரை அனுப்பினார். 1544-இல், புதிதாக மதம் மாறிய அந்த மன்னார் மக்களை யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி கொன்றான். அறுநூறுக்கும் மேற்பட்டோர் என்பது திருச்சபை மரபு. அவர்களை மன்னார் மறைசாட்சிகள் என்று இன்றும் வணங்குகிறார்கள். இங்கே இலத்தீன் மூலச்சொல்லின் இன்னொரு வழக்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆதித் திருச்சபை, மறைசாட்சி ஒருவர் உயிர்விட்ட நாளைத்தான் அவருடைய 'நாத்தாலிஸ்', பிறந்தநாள் என்று குறித்தது. இறப்பே நித்திய வாழ்வில் பிறப்பு என்ற நம்பிக்கை அது.

முத்துக்குளித்துறைதான் முதலில் கிறிஸ்தவமானது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அந்தக் கரை மக்களுக்காகவே அன்றீக் அடிகளார் ஆக்கியது. குருசு, பாஸ்கு போன்ற போர்த்துக்கேயச் சொற்கள் அங்கும் ஊறியிருக்கின்றன. ஆனால் இன்று தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் திருநாளைக் கிறிஸ்மஸ் என்கிறார்கள். எதிர்க்கரையில்தான் நத்தார் நிலைத்திருக்கிறது. இதற்கு ஆட்சியே காரணம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் போர்த்துக்கேயர் கரையோரத் துறைகளைத் தாண்டவில்லை. இலங்கையில் 1560-இல் மன்னாரில் கோட்டை கட்டினார்கள். 1619-இல் யாழ்ப்பாண அரசையே எடுத்துக்கொண்டார்கள். காணிப் பதிவான தோம்பு முதல் உட்காரும் கதிரை, வாங்கு, சமைக்கும் குசினி வரை அவர்கள் சொல் வீட்டுக்குள் வந்தது. பக்கத்துச் சிங்களவரும் அதே திருநாட்பெயரைச் சொன்னதால் அதற்கு இரட்டை வேர் பிடித்தது. நீர்கொழும்பில் தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் பல கடந்த நூற்றாண்டில் சிங்களத்துக்கு மாறின. நத்தாரை நத்தல என்று சொல்ல அவர்கள் ஓரிரு எழுத்தை மாற்றினால் போதுமாயிருந்தது.

போர்த்துக்கேயரின் ஆட்சி 1658-இல் முடிந்தது. அதன்பின் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள், குருக்களைத் துரத்தினார்கள். கந்தோர், லாச்சி என்று அவர்களுடைய சொற்களும் இங்கே தங்கின. ஆனால் கிறிஸ்து பிறப்புக்கு அவர்கள் சொன்ன பெயர் ஒட்டவே இல்லை. விலக்கப்பட்ட கோயிலின் சொல்தான் நின்றது.

அது எப்படி நின்றது என்பதை அறிய ஓர் இரவு போதும். கோவாவைச் சேர்ந்த, கொங்கணி பேசிய யோசேப் வாஸ் அடிகளார் 1687-இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் தங்கி, இரவில் வீடு வீடாகப் பூசை வைத்தார். திருநாளை நத்தால் என்றே சொல்லி வளர்ந்தவர் அவர். 1689-ஆம் ஆண்டு நத்தார் இரவில், மறைவாகக் கூடிய கத்தோலிக்கர் மீது ஒல்லாந்தப் படைவீரர் பாய்ந்து பலரைச் சிறைபிடித்தார்கள். அடிகளார் தப்பினார். பின்னர் கண்டி அரசின் பாதுகாப்பில் இருந்தபடி தீவெங்கும் பணி செய்து 1711-இல் கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரியில் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நத்தார் என்ற சொல்லை நான் இந்த அளவுக்கு நேசிப்பதற்கு அந்த 1689-ஆம் ஆண்டு இரவும் ஒரு காரணம். சிறைக்கு அஞ்சாமல் நள்ளிரவில் கூடிய மனிதர்கள் தங்களுக்குள் மெல்லச் சொல்லிக் காத்த பெயர் இது.

இனி, சொல்லுக்குரிய திருநாளைப் பார்க்கலாம். டிசம்பரில் வடக்குக் கரையோரத்தில் வாடைக்காற்று வீசும்; மழையும் கடற்கொந்தளிப்பும் உள்ள மாதம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து கிழக்குக் கரைக்குப் போய் வாடி அமைத்துத் தொழில் செய்தவர்கள் அதற்கு முன்பே ஊர் திரும்பியிருப்பார்கள். ஆண்கள் வீட்டில் இருக்கும் காலத்தில் வரும் திருநாள் என்பதால் மீனவக் குடும்பங்களுக்கு இது இரட்டிப்பாக இனிக்கும். அன்று கடலுக்குப் போவதில்லை.

முதல் வேலை பாலன் குடில். 1223-இல் கிரேச்சியோ என்ற இத்தாலிய மலையூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தித் தொடங்கிய வழக்கம், இங்கே பனையோலைக் கூரையும் கடற்கரை மணலுமாக உருமாறியிருக்கிறது. பெத்லகேமின் மலைச்சாரலுக்குப் பதில் வெண்மணற் பரப்பு. மன்னார்த் தீவின் தெருக்களில் கழுதைகள் இன்றும் தளையின்றித் திரிகின்றன. அங்கே குடிலில் வைக்கும் கழுதைச் சுரூபம் படத்தில் மட்டும் பார்த்த பிராணி அல்ல. பைன் மரம் வளராத கரையில் நத்தார் மரமாவது சவுக்கங்கிளை. மெல்லிய இலைகளில் பஞ்சைக் கிள்ளி வைத்து, வண்ணக் காகிதம் தொங்கவிட்டு அதைச் சோடிப்பார்கள்.

அடுக்களையில் பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு. இவற்றோடு ரவையும் கஜுவும் பூசணி இனிப்பும் சேர்த்து, பல நாள் வைத்து உண்ணும் கேக். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்து வீட்டிலிருந்தும், பெருநாளுக்கு முஸ்லிம் வீட்டிலிருந்தும் வந்த தட்டுகளுக்கு மறுதட்டுப் போகும் நாள் இதுதான்.

நள்ளிரவுத் திருப்பலியில் உன்னதங்களிலே கீதம் தொடங்கும்போது கோயில் மணி அடிக்க, குடிலின் திரை விலகும். வெளியே சீனவெடி தொடர்ந்து வெடிக்கும். பூசை முடிந்ததும் பாலன் சுரூபத்தை முத்திசெய்ய வரிசை நிற்கும். மூத்தோர் இதைப் பாலன் பிறப்பு என்பார்கள். நத்தார் என்பது நாளின் பெயர், பாலன் பிறப்பு என்பது அந்தக் கணத்தின் பெயர் என்று அவர்கள் பேச்சில் நுட்பமான பிரிவு உண்டு. அகராதிகள் இதைக் குறித்து வைக்க வேண்டும்.

இந்தச் சொல் துயரத்தின் அருகிலும் நின்றிருக்கிறது. 2004-இல் நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முல்லைத்தீவு முதல் மட்டக்களப்பு வரை பலகாரம் தீராத வீடுகளை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. மறு ஆண்டு, மட்டக்களப்புப் புனித மரியாள் பேராலயத்தில் நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது நாடாளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கரையில் டிசம்பர் 25-இன் மகிழ்ச்சிக்கும் 26-இன் நினைவஞ்சலிக்கும் இடையே ஒரு நாள்கூட இடைவெளி கிடையாது.

இன்று நத்தாருக்குப் பக்கத்தில் வேறு பெயர்களும் நிற்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வழிபாடு தமிழானபோது பூசை திருப்பலியாயிற்று. திருநாளுக்கும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா என்று பெயர் வந்தது. பாடசாலைகளும் அலுவலகங்களும் டிசம்பரில் நடத்தும் பொதுக் கொண்டாட்டம் ஒளிவிழா. இளையோர் வாயில் கிறிஸ்மஸ் பெருகுகிறது. ஆனாலும் சிவப்பு அங்கியோடு வருபவர் நத்தார் தாத்தாதான். சிலருக்கு நத்தார் பாப்பா. போர்த்துக்கலில் அவரைப் 'பாய் நத்தால்' என்கிறார்கள். பாய் என்றால் அங்கே அப்பா.

மரபாக ஜனவரி 6-ஆம் திகதி வரும் மூன்று இராசாக்கள் திருநாளோடு குடில் கலையும். இந்தப் பெயரையும் கவனிக்க வேண்டும். மத்தேயு நற்செய்தியில் கிழக்கிலிருந்து வந்தவர்கள் ஞானிகள். அவர்களை அரசர் என்று அது சொல்லவில்லை, மூவர் என்று எண்ணவும் இல்லை. ஆங்கிலத்தில் அந்த நாளுக்கு வழங்கும் பெயருக்குத் திருக்காட்சி என்று பொருள். தமிழ் வழிபாட்டு நூல்களும் இப்போது அப்படித்தான் எழுதுகின்றன. போர்த்துக்கேயரோ அதை 'இராசாக்களின் நாள்' என்கிறார்கள். நத்தார் என்று சொல்லக் கற்ற அதே கோயில் முற்றத்தில்தான் நம் கரையோர மக்கள் இராசாக்கள் என்றும் சொல்லக் கற்றிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. முதலாவதில் ஒலியை வாங்கினார்கள், இரண்டாவதில் பொருளை.