மாசில்லாக் குழந்தைகளின் இல்லம்

பச்சிளங் குழந்தையை வளர்ப்பதன் சிரமத்தைத் தாய்மார்களுக்கு எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. நள்ளிரவில் பாலுக்கு எழ வேண்டும். ஈரத்துணி மாற்ற வேண்டும். காரணம் புரியாத அழுகையை ஆற்ற வேண்டும். ஒரு குழந்தைக்காக வீடு முழுவதும் விழித்திருக்கிறது. பெற்றோரால் விடப்பட்ட நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்காக ஒரு நகரமே விழித்திருக்க முயன்ற வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

பிராத்தோ நகர வணிகர் பிரான்செஸ்கோ தாத்தினி 1410இல் மரணமடைந்தபோது, கைவிடப்பட்ட குழந்தைகளுக்குப் பிளாரன்ஸ் நகரில் ஓர் இல்லம் அமைக்க 1,000 புளோரின் பொற்காசுகளை எழுதி வைத்தார். 1419இல் பட்டுத் தொழிலாளர் சங்கம் அப்பணியை ஏற்றது. புருனலெஸ்கி கட்டட வரைவை அளித்தார். ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லகேம் பாலகர் நினைவாக அதற்குப் பெயரிட்டனர். 1445இல் அதன் கதவு திறந்தது. பிப்ரவரி 5ஆம் நாள் முதற் குழந்தை வந்தது. பெண் குழந்தை. அன்று பாலூட்டும் தாய்மாரின் பாதுகாவலியான புனித ஆகத்தாவின் திருநாள். குழந்தைக்கு ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள்.

பெயர் சூட்டுவது எளிது. பால் தேடுவதே கடினம். விலங்கின் பாலைக் கெடாமல் காக்கும் வழி அன்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு சிசுவுக்கும் ஒரு செவிலித்தாய் தேவைப்பட்டாள். நாட்டுப்புறப் பெண்களுக்குக் கூலி கொடுத்து, குழந்தைகளை அவர்கள் வீடுகளுக்கு அனுப்பினர். குழந்தை வந்த நாள், உடுத்தியிருந்த துணி, செவிலியின் பெயர் அனைத்தும் ஏட்டில் பதிவாயின. செவிலி மீண்டும் கருவுற்றால் பால் வற்றும். குழந்தை வேறொருத்தியிடம் மாற்றப்படும். இவ்வாறு கைமாறிக் கைமாறி நலிந்தவை பல. பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தபோது இறப்பு பெருகியது. வந்தவற்றுள் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி.

இதனினும் வேதனையான செய்தி ஒன்றுண்டு. அக்காலப் பிளாரன்ஸ் செல்வர் வீடுகளில் அடிமைப் பெண்கள் இருந்தனர். அவர்கள் ஈன்ற குழந்தைகள் இவ்வில்லத்தில் விடப்பட்டன. அந்தத் தாய்மாரின் பாலோ பிறர் குழந்தைகளுக்கென எசமானர்களால் கூலிக்கு விடப்பட்டது. இல்லத்தில் அவள் பிள்ளை இன்னொருத்தியின் பாலுக்குக் காத்துக் கிடந்தது. கருணையின் இல்லத்தைக் கட்டிய அதே நகரந்தான் அதன் வாசலில் கிடத்தப்பட்ட குழந்தைகளையும் உண்டாக்கியது என்பதை நாம் மறைக்கலாகாது.

முகம் காட்டாமல் குழந்தையை உள்ளே விடப் பின்னாளில் அமைந்த சுழல்தொட்டில் 1875இல் மூடப்பட்டது. இன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில், குழந்தையோடு விடப்பட்ட அடையாளப் பொருள்கள் காக்கப்படுகின்றன. அவற்றுள் பாதியாய் வெட்டிய சுரூபங்கள் உண்டு. மறுபாதியைத் தாய் வைத்துக்கொண்டாள். என்றேனும் திரும்பி வந்தால் இரண்டையும் பொருத்திக் காட்டலாம் என்ற நம்பிக்கை. திரும்பி வந்தவர்கள் சிலரே.

அடிமைமுறை ஒழிந்தது. ஆயினும் வறுமையால் தன் பிள்ளையை விட்டுப் பிறர் பிள்ளையைச் சுமக்கும் பெண்கள் மறையவில்லை. நம் வீட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுத் தாலாட்டுகிற பெண்ணைப் பார்த்து, "அம்மா, உன் குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று நாம் ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா?