வானிலே ஒரு வழி
(பேர்லின் முற்றுகை: 1948 – 1949)

முற்றுகை என்பது தமிழர் அறியாத செய்தியன்று. பகைவன் மதிலை வளைத்தலை உழிஞை என்றும், உள்ளிருப்போர் அதனைக் காத்தலை நொச்சி என்றும் நம் முன்னோர் திணை வகுத்து வைத்தனர். மூவேந்தரும் கூடிப் பாரியின் பறம்புமலையை வளைத்தபோது, கபிலர் கிளிகளைப் பழக்கி, வெளியே விளைந்த நெற்கதிர்களைக் கொணர்வித்து, உள்ளிருந்தோர் பசியைத் தீர்த்தார் என்பது நாம் சிறுபராயத்திலே கேட்ட கதை. மண்வழி அடைபட்ட ஊருக்கு விண்வழியே உணவு வந்ததாம்! புலவர் கற்பனை என்றே நம்மிற் பலர் அதனை எண்ணியிருப்போம். ஆயின் 1948ஆம் ஆண்டிலே, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஒரு நகருக்கு அது மெய்யாகவே நிகழ்ந்தது. அந்நகர் பேர்லின்.

இரண்டாவது உலக மகாயுத்தம் முடிந்தபின், அமெரிக்காவைத் தலைமையாகக் கொண்ட குடியாட்சி நாடுகளுக்கும், சோவியத் ஒன்றியத்தைத் தலைமையாகக் கொண்ட பொதுவுடைமை நாடுகளுக்கும் இடையே மூண்ட பகைமையைப் பனிப்போர் என்றும் கெடுபிடி யுத்தம் என்றும் வழங்குகின்றோம். அதன் முதற் பெருஞ்சோதனை பேர்லினிலேதான் நடந்தது. அச்சோதனையில் இருதிறத்தாரும் தோள்வலி காட்டினர். ஆயினும் மூன்றாவது மகாயுத்தம் மூளவில்லை. ஏன் மூளவில்லை என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

நட்புக் குன்றிய கதை

ஹிட்லரின் ஜேர்மனியை வீழ்த்தும்வரை அமெரிக்காவும் பிரித்தானியாவும் சோவியத் ஒன்றியமும் ஓரணியில் நின்றன. பொதுப்பகை இருந்தமையால் உட்பகை மறைந்திருந்தது. 1945 மே மாதத்திற் பொதுப்பகை ஒழிந்தது, உட்பகை தலைகாட்டியது.

இதிலே ஒரு பக்கத்தாரை மாத்திரம் குற்றங்கூறி வரலாறு எழுதுதல் நேர்மையாகாது. சோவியத் நாடு அந்த யுத்தத்திலே இரண்டு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொடுத்தது. முப்பது ஆண்டுகளுக்குள் இருமுறை ஜேர்மன் படைகள் அதன் மண்ணை மிதித்தன. ஜேர்மனி மீண்டும் தலைநிமிர்ந்துவிடுமோ என்று ஸ்டாலின் அஞ்சியதில் வியப்பில்லை. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் எதிர்க்கட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுக்கப்படுவதைக் கண்டு மேலைநாட்டார் அஞ்சியதிலும் வியப்பில்லை. ஓர் அச்சம் மற்றோர் அச்சத்தை வளர்த்தது.

1946 மார்ச் 5ஆந் திகதி, அமெரிக்காவின் புல்ற்றன் என்னும் ஊரிலே பேசிய சேர்ச்சில், ஐரோப்பாவின் குறுக்கே ஓர் இரும்புத்திரை விழுந்துவிட்டது என்றார். 1947 மார்ச் மாதத்தில் ஜனாதிபதி ட்ரூமன், கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் 40 கோடி டொலர் உதவி வழங்குமாறு அமெரிக்கக் காங்கிரசைக் கேட்டார். அவ்வாண்டு யூன் மாதத்திலே, யுத்தத்தால் நலிந்த ஐரோப்பாவைக் கைதூக்கிவிடும் திட்டத்தை மார்ஷல் வெளியிட்டார். அத்திட்டத்தின்கீழ் நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 1,300 கோடி டொலர் செலவாயிற்று. சோவியத் ஒன்றியம் அதனை ஏற்கவில்லை. தன் வழிநின்ற நாடுகளையும் ஏற்க விடவில்லை. 1948 பெப்ரவரியிற் செக்கோசிலோவாக்கியாவின் ஆட்சி பொதுவுடைமைக் கட்சியின் கைக்கு மாறியது. பகைமை முற்றியது.

எழுதியதும் எழுதாததும்

வெற்றிபெற்ற நாடுகள் ஜேர்மனியை நான்கு வலயங்களாகப் பங்கிட்டுக்கொண்டன. பேர்லின் நகரமும் அவ்வாறே நான்காகப் பிரிக்கப்பட்டது. ஆனால் அந்நகரோ சோவியத் வலயத்தின் நடுவே, மேற்கு வலயங்களின் எல்லையிலிருந்து 100 மைலுக்கும் அப்பால் இருந்தது. கடல் நடுவே தீவுபோலக் கிடந்த மேற்குப் பேர்லினுக்கு வீதியும் புகைவண்டிப் பாதையும் கால்வாயும் சோவியத் நிலத்தினூடாகவே சென்றன.

இங்கேதான் நாம் கருத்தூன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி உளது. 1945 யூன் 29ஆந் திகதி, அமெரிக்க ஜெனரல் கிளேயும் பிரித்தானியப் பிரதிநிதியும் சோவியத் மார்ஷல் சுக்கோவைச் சந்தித்து, எவ்வழியாற் போக்குவரத்து நடத்துவது என்று பேசினர். வெற்றிக்களிப்பு ஆறாத காலம். நண்பர்கள் கூடிப் பேசிய பேச்சு. ஆகவே தரைவழியைப் பற்றி இருதிறத்தாரும் கையொப்பமிட்ட பத்திரம் எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் அவ்வாண்டு நவம்பர் 30ஆந் திகதி, விமானங்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்கும் பொருட்டு, ஒவ்வொன்றும் 20 மைல் அகலமுள்ள மூன்று வான்வழிகளை நான்கு வல்லரசுகளும் எழுத்திலே ஒப்புக்கொண்டன. பாதுகாப்புக் கருதி எழுதிய அச்சிறு பத்திரமே பின்னர் ஒரு நகரின் உயிரைக் காத்தது.

வழி அடைபட்டது

மேற்கு வலயங்களிற் பழைய நாணயம் பெறுமதியற்றுப் போயிற்று; சிகரெட்டே பணமாக வழங்கியது. 1948 யூன் 20ஆந் திகதி மேலைநாட்டார் தம் வலயங்களிலே புதிய மார்க் நாணயத்தைப் புழக்கத்துக்கு விட்டனர். சோவியத் தரப்பினர் தம் வலயத்துக்கு வேறொரு நாணயத்தை வெளியிட்டு, அது பேர்லின் முழுவதற்கும் உரியது என்றனர். மேலைநாட்டார் தம் மார்க்கை மேற்குப் பேர்லினிலும் புகுத்தினர். யூன் 24ஆந் திகதி வீதியும் புகைவண்டியும் நீர்வழியும் அடைக்கப்பட்டன. கிழக்கிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. நகரின் கையிருப்பில் உணவு 36 நாளைக்கும் நிலக்கரி 45 நாளைக்குமே இருந்தன.

மேலைநாட்டாருக்கு முன்னே தோன்றிய வழிகள் மூன்று. நகரைக் கைவிட்டுப் போகலாம். படை நடத்தித் தடையை உடைக்கலாம். வான்வழியே உணவு கொண்டுசெல்லலாம். ஆயுதந்தாங்கிய வண்டித்தொடரை வீதிவழியே அனுப்பிப் பார்க்கலாம் என்று கிளே கருதினார். முதற்குண்டு எங்கே வெடிக்கும், இறுதிக்குண்டு எங்கே வெடிக்கும் என்று எவராற் சொல்லமுடியும்? வாஷிங்டன் இணங்கவில்லை. மூன்றாவது வழியே எஞ்சியது.

ஆகாயத்திலே ஒரு கணக்கு

யூன் 26ஆந் திகதி முதல் அமெரிக்க விமானங்கள் பறந்தன; பிரித்தானிய விமானங்களும் உடனே சேர்ந்துகொண்டன. முதல்நாள் அமெரிக்கர் கொண்டுசென்றது ஏறக்குறைய 80 தொன். நகருக்குத் தேவையானதோ நாளொன்றுக்கு 4,500 தொன். "யானைப் பசிக்குச் சோளப்பொரி" என்னும் பழமொழிக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

யூலை மாத இறுதியிலே ஜெனரல் டன்னர் பொறுப்பேற்றார். அவர் வீரசாகசத்தை விரும்பியவரல்லர். கணக்கையும் ஒழுங்கையும் நம்பியவர். ஓகஸ்ட் 13ஆந் திகதி கடும் முகிலிலே விமானங்கள் பேர்லினின் மேல் அடுக்கடுக்காகச் சுற்றித் தடுமாறின. அன்றே அவர் புதிய விதியொன்றை வகுத்தார்: முதன்முறை இறங்கமுடியாத விமானம் சுமையோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பவேண்டும்; அடுக்கடுக்காகச் சுற்றிக் காத்திருத்தல் கூடாது. வடக்கு, தெற்கு வழிகளால் விமானங்கள் உள்ளே வந்தன; நடுவழியால் வெளியேறின. ஏறக்குறைய மூன்று தொன் சுமந்த சிறுவிமானங்களுக்குப் பதிலாகப் பத்துத் தொன் சுமக்கும் பெருவிமானங்கள் வந்தன. பழுதுபார்க்க ஆள் போதாதபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன் பகைவராயிருந்த ஜேர்மன் விமானத் தொழிலாளரையே வேலைக்கு அமர்த்தினர்.

சுமையில் ஏறக்குறைய மூன்றிலிரு பங்கு நிலக்கரி. பாரங் குறைக்கும்பொருட்டு உருளைக்கிழங்கை உலர்த்தி அனுப்பினர். உப்பு விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும். ஆதலின் கடல்நீரைத் தாங்குமாறு அமைந்த பிரித்தானியக் கடல்விமானங்கள் உப்பை ஏற்றிச்சென்று பேர்லினின் ஏரியிலே இறங்கின. இருந்த இரண்டு விமானத் தளங்களும் போதாமையால், பேர்லின் மக்கள், அவருட் பெரும்பாலார் பெண்கள், இரவுபகலாக உழைத்து மூன்றே மாதங்களில் டேகல் என்னும் மூன்றாவது தளத்தை அமைத்தனர்.

இதனிடையே நிகழ்ந்த சிறுசெய்தி ஒன்றும் சொல்லத்தக்கது. ஹல்வர்சன் என்னும் அமெரிக்க விமானி, தளத்து வேலியருகே நின்ற சிறுவரைக் கண்டார். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. தம்மிடமிருந்த இரண்டு சுவிங்கங்களைக் கொடுத்தார், கிடைத்தோர் பகிர்ந்துகொண்டனர், கிடைக்காதோர் அதன் தாளை முகர்ந்து மகிழ்ந்தனர். அவர் மனம் உருகியது. மறுமுறை வந்தபோது கைக்குட்டைகளைக் குடையாக்கி இனிப்புகளை வானிலிருந்து இறக்கினார். குண்டுபோட்ட நாட்டார் இனிப்புப் போட்டனர்! 2022ஆம் ஆண்டிலே தம் 101ஆவது வயதில் அவர் மறைந்தபோது, பேர்லின் நகரம் அவரை மறந்திருக்கவில்லை.

நகரின் உறுதி

விமானங்களின் பெருமையைப் பேசி மக்களின் பெருமையை மறத்தல் தகாது. மாரிகாலக் குளிரில் வீடுகளுக்கு நாளொன்றுக்கு நான்கு மணிநேரமே மின்சாரம் கிடைத்தது. அதுவும் பல வேளைகளில் நள்ளிரவிலே. எரிப்பதற்கு மரங்களை வெட்டினர். கிழக்குப் பகுதியிலே பதிந்துகொண்டால் உணவும் நிலக்கரியும் தருவோம் என்று சோவியத் தரப்பினர் அழைத்தனர். மிகச் சிலரே சென்றனர். பங்கீட்டுப் பாணைத் தின்று பல்லைக் கடித்துக்கொண்டு மற்றையோர் இருந்தனர்.

செப்டெம்பர் 9ஆந் திகதி, இடிந்துகிடந்த பாராளுமன்றக் கட்டடத்தின் முன் மூன்று இலட்சம் மக்கள் கூடினர். அவர்களிடையே பேசிய ஏர்ணஸ்ட் ரொயிட்டர், உலக மக்கள் இந்நகரைக் கைவிடலாகாது என்று முறையிட்டார். அவர் இளமையிலே பொதுவுடைமைக் கட்சியின் செயலாளராக இருந்தவர். லெனினின் ஆட்சியிற் பதவி வகித்தவர். ஹிட்லர் காலத்திலே துருக்கியில் அடைக்கலம் புகுந்தவர். அவ்வாண்டு டிசம்பரில் மேற்குப் பேர்லினின் நகரபிதாவானார்.

முடிவும் விலையும்

1949 ஏப்பிரல் நடுப்பகுதியிலே, ஒரே நாளில் ஏறக்குறைய 13,000 தொன் பொருள் பேர்லினை அடைந்தது. நிமிடத்துக்கொரு விமானம் இறங்கியது அல்லது ஏறியது. முற்றுகை பயன்படாது என்பது தெளிவாயிற்று. மேலைநாட்டார் நடத்திய எதிர்முற்றுகையால் கிழக்கு வலயத்தின் தொழில்களும் நிலக்கரியும் உருக்கும் இன்றி வாடின. நியூயோர்க்கிலே அமெரிக்கப் பிரதிநிதி ஜெசப்பும் சோவியத் பிரதிநிதி மாலிக்கும் அமைதியாகப் பேசினர். மே 12ஆந் திகதி வழி திறந்தது. விமானங்கள் கொண்டுசென்ற மொத்தப் பொருள் 23 இலட்சம் தொன். பறந்த முறைகள் 2,70,000க்கு மேல். விபத்துகளில் உயிர்நீத்தோர் நூறுபேர் வரையில்.

வானிலே சென்ற விமானங்களைச் சோவியத் படையினர் சுட்டு வீழ்த்தியிருக்கலாம். அவர்கள் அருகே பறந்து அச்சுறுத்தினர், ஒளிபாய்ச்சிக் கண்ணைக் கூசவைத்தனர், ஆனால் சுடவில்லை. நான்கு நாட்டாரும் சேர்ந்து நடத்திய வான்வழிப் பாதுகாப்பு நிலையத்திலே, முற்றுகை நடந்த காலம் முழுவதும் சோவியத் அதிகாரிகள் தம் ஆசனத்தில் இருந்து வேலை பார்த்தனர்! எழுதாத தரைவழி அடைபட்டது. எழுதிய வான்வழி திறந்தே இருந்தது.

வெற்றிக்கு விலையும் உண்டு. 1949 ஏப்பிரலில் வட அத்திலாந்திக்கு ஒப்பந்தம் உருவாயிற்று. அவ்வாண்டிலேயே ஜேர்மனி இரண்டு நாடுகளாயிற்று. ஓகஸ்டிற் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டைச் சோதித்தது. 1961இல் எழுந்த மதில் பேர்லினை 28 ஆண்டுகள் பிளந்து நின்று, 1989 நவம்பர் 9ஆந் திகதி திறந்தது. பாரியின் பறம்பு வீழ்ந்தது, பேர்லின் வீழவில்லை. ஆயினும் ஒரே வீதியில் வாழ்ந்த உறவினர் ஒரு தலைமுறைக்காலம் மதிலாற் பிரிந்திருந்தனர்.

இப்பூசல் நம்மையும் தீண்டாமல் விடவில்லை. 1948 பெப்ரவரியிற் சுதந்திரம் பெற்ற இலங்கை, ஐக்கிய நாடுகள் சபையிலே சேர விண்ணப்பித்தது. பேர்லின் முற்றுகை நடந்துகொண்டிருந்த அந்த ஓகஸ்ட் மாதத்திலேயே, சோவியத் ஒன்றியம் தன் தடையதிகாரத்தால் அதனை மறுத்தது. 1955 டிசம்பரிலேதான் நமக்கு அங்கே ஆசனம் கிடைத்தது. பெரியோர் பிணக்கிலே சிறியோர் வாயிலிற் காத்துநின்றனர்.

இளைஞர்காள்! நாடாயினும் ஊராயினும் குடும்பமாயினும், உறவு கனிந்திருக்கும் காலத்திலே "நமக்குள் எழுத்து எதற்கு?" என்று கேட்பது வழக்கம். எழுத்து வேண்டுவது அக்காலத்துக்கன்று. உறவு கசக்கும் காலத்துக்கு. நட்பு நிலைத்திருக்கையிலே நேர்மையாக எழுதிவைத்த ஒரு தாள், பகை மூண்டபின் இரண்டு வல்லரசுகளின் கையையும் பிடித்து நிறுத்தியது. பேர்லினின் வானம் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.