மாத்திரை போட்டும் ஃபங்கஸ் திரும்ப வருதா? உள்ளே நடக்கும் சண்டை இதுதான்!

`அரிப்பு குறைஞ்சிடுச்சு, இனி மாத்திரை எதுக்கு?' என்று பாதியிலேயே நிறுத்தியிருக்கீங்களா? கொஞ்ச நாளில் அதே தொல்லை திரும்ப வந்திருக்கா? அப்போ கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சையைப் பற்றி நீங்கள் தெரிஞ்சுக்கணும்.

நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் சத்தமில்லாமல் வாழ்கிற பூஞ்சை இது. ரத்தத்தில் சர்க்கரை எகிறும்போதோ, ஆன்டிபயாடிக் மாத்திரைகளால் நல்ல பாக்டீரியாக்கள் குறையும்போதோ, எதிர்ப்பு சக்தி தளரும்போதோ தலைதூக்கும். நாக்கில் வெள்ளைப் படலம், பெண்களுக்குத் தயிர் போன்ற வெள்ளைப்படுதல், அரிப்பு எல்லாம் இதன் வேலை. ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில், மிக அவசரமாகக் கவனிக்க வேண்டிய நான்கில் இதுவும் ஒன்று.

உடம்பு அடிக்கும், அது தாங்கும்!

பூஞ்சை அத்துமீறினால் நம் வெள்ளணுக்கள் அதை அப்படியே விழுங்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ரசாயனங்களை அதன்மேல் கொட்டும். பூஞ்சையோ, கேட்டலேஸ் என்ற என்ஸைமை வைத்து அதைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைத்துவிடும். வெள்ளணுவுக்குள் சர்க்கரை கிடைக்காதா? கிடைப்பதைச் சாப்பிட்டுச் சமாளிக்கும். பிறகு உருண்டை வடிவத்திலிருந்து நீளமான இழையாக வளர்ந்து, விழுங்கிய அணுவையே கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

சரி, காய்ச்சல் சூட்டில் சாகாதா? சூட்டில் புரதங்கள் உருக்குலையும். அவற்றைத் தாங்கிப் பிடித்துச் சரிசெய்ய, பூஞ்சையிடம் ஹெச்எஸ்பி-90 என்ற புரதம் இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் மெக்கானிக் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சாதாரண நேரத்தில் பூஞ்சை இழையாக மாறாமல் தடுப்பதும் இதே புரதம்தான். சூடு ஏறி, ரிப்பேர் வேலை அதிகமானால் அந்தப் பிடி தளர்ந்து, இழை வளரத் தொடங்கும்!

மருந்தும் ஒரு ஸ்ட்ரெஸ்தான்

ஃப்ளூகோனசோல் மாத்திரை கேண்டிடாவின் வளர்ச்சியைத்தான் நிறுத்துகிறது, பெரும்பாலும் கொல்வதில்லை. மிச்சத்தை உங்கள் எதிர்ப்பு சக்திதான் முடிக்கணும். அந்த இடைவெளியில் பூஞ்சையைக் காப்பாற்றுவதும் அதே மெக்கானிக்தான். மருந்தை எதிர்க்கும் தன்மை பூஞ்சைகளில் உருவாக ஹெச்எஸ்பி-90 கைகொடுக்கிறது என்பதை, சூசன் லிண்ட்குவிஸ்ட், லியா கோவன் என்ற விஞ்ஞானிகள் 2005-ல் காட்டினார்கள்.

`அந்தப் புரதத்தையே முடக்கிடலாமே?' என்று கேட்கலாம். சிக்கல் என்னன்னா, கிட்டத்தட்ட அதே புரதம் நம் செல்களிலும் இருக்கு. அதை அடித்தால் நமக்கும் அடி விழும். பூஞ்சைக்கு மருந்து வகைகள் குறைவாக இருப்பதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம். அதனால் இருக்கிற மருந்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது முக்கியம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* டாக்டர் ஒரே மாத்திரை என்றால் ஒன்று, 14 நாள் என்றால் 14 நாளும். அரிப்பு நின்றதும் நிறுத்தாதீங்க.
* பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வாங்காதீங்க. எல்லா அரிப்பும் பூஞ்சையால் வருவதில்லை.
* ஆன்டிபயாடிக் பூஞ்சையைக் கொல்லாது. அதற்கு இடம்தான் போட்டுக்கொடுக்கும்.
* ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்தினால், ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.
* திரும்பத் திரும்ப வந்தால், ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடுங்க.